உலோகத் தகட்டில் முன்னோர் உருவம்

நம்மவர் இல்லத்துள் அடியெடுத்து வைப்போர் கண்ணுக்கு முதலில் புலப்படுவன கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டியுள்ள படங்களேயாம். காலஞ்சென்ற பெரியோர் படங்களைத் தெற்குச் சுவரில் மாட்டி, வெள்ளிக்கிழமைதோறும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு, நினைவு நாளில் மாலை சூட்டி வழிபடுதல் நெடுநாளைய வழக்கம். அண்மைக் காலத்தில் இவ்வழக்கத்தில் ஒரு மாறுதல் புகுந்துள்ளது. பழைய போட்டோக்களைப் பெரிதாக்கி, அலுமினியத் தகட்டில் பதிப்பித்து, கண்ணாடியும் மரச்சட்டமும் இன்றியே சுவரில் மாட்டுகின்றனர். குடும்பத்துப் பெரியோரோடு தேசத் தலைவர், புலவர், பழைய அரசர் ஆகியோர் உருவங்களும், நூறாண்டுக்கு முற்பட்ட மலைவாழ் மக்களின் போட்டோக்களும் இவ்வாறே தகடுகளில் ஏறி வீட்டுக்கு அழகு செய்கின்றன. அழகு செய்தல் நன்றே. ஆயினும் உருவத்தை உலோகத்தில் ஏற்றும் இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது, சுவரில் ஏறும் உருவம் யாருடையது என்பவற்றை வீட்டார் அறிந்திருத்தல் வேண்டுமாதலின், அவ்வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நீலகிரியின் மேற்குச் சரிவில், உதகையிலிருந்து கூடலூர்க்கு இறங்கும் சாலையில், ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பது நடுவட்டம். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் ஆனி, ஆடி மாதங்களில் மழையும் மூடுபனியும் மாறி மாறி வந்து, உடுத்த துணியும் உலராத ஊர். இத்தகைய இடத்தில் காகிதத்தில் அச்சிட்ட போட்டோ என்ன பாடுபடும் என்பதை அங்கு வாழ்வோர் நன்கறிவர். முதலில் ஓரத்தில் மஞ்சள் படரும். பின்னர்ப் பூஞ்சணம் புள்ளி புள்ளியாக முகத்தின்மேல் ஏறும். இராமபாணப் பூச்சி அட்டையைத் தின்னும். படத்தின் மேற்பூச்சு ஈரத்தால் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். துடைக்க எண்ணிப் படத்தைப் பிரித்தெடுப்போர் கையில் காகிதம் வரும், பாட்டனார் முகம் கண்ணாடியிலேயே நின்றுவிடும். உலோகத் தகட்டை விரும்புதற்கு இம்மலையில் வாழ்வோர்க்குச் சமவெளியாரினும் மிகுதியான காரணம் உண்டு என்பது இதனால் விளங்கும்.

உருவத்தையும் எழுத்தையும் உலோகத்தில் வைத்து நிலைக்கச் செய்தல் தமிழர்க்குப் புதிதன்று. அரசர் தந்த அறத்தைச் செப்பேட்டில் பொறித்தனர். தஞ்சைப் பெரிய கோயிலில், முதலாம் இராசராசன் உருவத்தையும் அவன் தேவி உலகமாதேவியின் உருவத்தையும் செம்பில் செய்வித்து அக்கோயில் அதிகாரி ஒருவர் எழுந்தருளுவித்த செய்தி கல்வெட்டிலேயே காணப்படுகிறது. அவ்விருவருடையன என்று கருதப்பட்ட இரண்டு உருவங்கள் பல்லாண்டுகள் ஆமதாபாத்துக் காட்சிசாலை ஒன்றில் இருந்து, 2018-ஆம் ஆண்டு தஞ்சைக்கு மீட்டுக் கொணரப்பட்டதை நேயர்கள் அறிவர். திருமலையில் கைகூப்பி நிற்கும் கிருஷ்ணதேவராயர், திருமலாதேவி, சின்னாதேவி ஆகியோர் செப்புருவங்களில் அவரவர் பெயர் அவ்வவ்வுருவின் மேலேயே வெட்டப்பட்டுள்ளது. ஆதலின் இன்னார் இன்னார் என்பதில் நமக்கு ஐயமில்லை. தஞ்சை உருவங்களைப் பற்றியோ அறிஞர்க்குள் வாதம் உண்டு. பெயர் வெட்டிய உலோகத்துக்கும் வெட்டாத உலோகத்துக்கும் உள்ள இவ்வேற்றுமையை நேயர்கள் மனத்திற் கொள்வாராக. பின்னர் இது வேண்டப்படும்.

நிற்க. ஒளியைக் கொண்டு உருவம் எழுதும் கலை பிறந்ததே உலோகத்தின்மீதுதான் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. பிரான்சு தேசத்து லூயி தாகர் என்பார் கண்ட முறை 1839-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 7-ஆம் நாள் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் உலகறிய வெளியிடப்பட்டது. செப்புத் தகட்டின்மேல் வெள்ளி பூசி, கண்ணாடிபோல் மெருகேற்றி, அயோடின் ஆவியில் காட்டுவர். அதனால் தகடு ஒளியை உணரும் தன்மை பெறும். அதனைப் பெட்டிக்குள் வைத்து ஒளி காட்டியபின், பாதரச ஆவியில் பிடித்தால் மறைந்திருந்த உருவம் மெல்ல வெளிப்படும். அங்ஙனம் வந்த படம் நேரே நோக்குவார்க்குத் தம் முகத்தையே காட்டும். சிறிது சாய்த்துப் பிடித்தால்தான் உள்ளிருக்கும் உருவம் தோன்றும். விரல் பட்டால் அழியுமாதலின் கண்ணாடி வைத்து மூடிச் சிறு பேழையில் காப்பர். ஒரு தகடு ஒரே படம். மறுபிரதி எடுத்தற்கு இடமில்லை. தொடக்கத்தில் பல நிமிஷம் அசையாதிருத்தல் வேண்டியிருந்தமையால், உட்கார்ந்தோர் தலையைப் பின்னிருந்து இரும்புக் கவையால் தாங்கினர். பழைய படங்களில் ஒருவரும் நகையாமைக்கு இதுவும் ஒரு காரணம். நம் தாத்தாக்களின் கடுமுகத்தைக் கண்டு அவர் குணத்தை முடிவு செய்யும் பேரப்பிள்ளைகள் இதனை நினைத்தல் நலம்.

1840-ஆம் ஆண்டிலேயே இக்கருவி கல்கத்தாவில் விலைக்கு வந்துவிட்டது. ஆயினும் வெள்ளித் தகடு செல்வர்க்கன்றி ஏனையோர்க்கு எட்டவில்லை. எளியவரையும் தகட்டில் ஏற்றியது இரும்பு. 1853-இல் பிரான்சில் மார்த்தன் என்பார் இம்முறையை விளக்க, 1856-இல் அமெரிக்காவில் ஹாமில்டன் ஸ்மித் என்னும் பேராசிரியர் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். கரிய வார்னிஷ் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசையைத் தடவி, அது உலருமுன் படம் பிடித்துவிடுவர். தகரம் அதில் சிறிதும் இல்லையாயினும் ‘தகரப்படம்’ என்னும் பொருள்படவே ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் வழங்கிற்று. சந்தைகளிலும் திருவிழாக்களிலும் சில நிமிஷத்தில் எடுத்துத் தருவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1861 முதல் 1865 வரை, போர்முனைக்குச் சென்ற எண்ணிறந்த இளைஞர் இத்தகடுகளைத் தம் வீட்டாரிடம் விட்டுச் சென்றனர். பலர் திரும்பவில்லை, தகடுகள் மட்டும் நின்றன.

இவ்வகைத் தகடுகளில் ஒரு விசேஷம் உண்டு: பெரும்பாலும் வலமிடமாக மாறித் தோன்றும், கண்ணாடியிற் காணும் முகம்போல. அமெரிக்காவில் ‘பில்லி தி கிட்’ என்று பெயர்பெற்ற கொள்ளைக்காரன் ஒருவனுடைய ஒரே உறுதியான படம் ஓர் இரும்புத் தகடு. அதில் கைத்துப்பாக்கி இடப்பக்கம் தொங்குவதைக் கண்டு, அவன் இடக்கையன் என்று நெடுங்காலம் நூலெழுதினர், சினிமாவும் எடுத்தனர். உடனிருந்த நீண்ட துப்பாக்கியின் அமைப்பை ஆராய்ந்தபின்னரே படம் மாறியிருப்பது தெளிவாயிற்று. நம் வீட்டிலும் இத்தவறு நிகழக்கூடும். கண்ணாடி நெகடிவ்வைப் புரட்டிவைத்துப் பிரதி எடுத்துவிட்டால் பாட்டியார் சேலைத் தலைப்பு வேறு தோளுக்குப் போய்விடும், மூக்குத்தி பக்கம் மாறிவிடும், பாட்டனார் கோட்டின் பொத்தான் வரிசை பெண்கள் சட்டைபோல் எதிராக நிற்கும். ஆனால் தலைப்பை வலத்தோளில் இடும் வழக்கமுடைய குடும்பங்களும் உண்டு. ஆதலின் சேலை ஒன்றை மட்டும் கண்டு படத்தைத் திருப்பிவிடாமல், கோட்டுப் பொத்தானையும், பின்னால் எழுத்துடைய பலகை இருந்தால் அதனையும் பார்த்து முடிவு செய்க.

மூன்றாவது ஒரு முறையும் அக்காலத்திலேயே தோன்றியது. 1854-இல் பிரான்சில், போட்டோ உருவத்தை எனாமலிலும் பீங்கானிலும் ஏற்றிச் சூளையிற் சுட்டு நிலைப்படுத்தும் உரிமை வாங்கப்பட்டது. ஐரோப்பியக் கல்லறைகளில் இன்றும் மழைக்கும் வெயிலுக்கும் மங்காமல் விளங்கும் முட்டைவடிவ முகங்கள் இவ்வகையின. நம் நாட்டில் எனாமல் தகடுகள் கடைப்பெயர்ப் பலகையாகவும் விளம்பரமாகவும் பெருகின. உருவப்படத்துக்கோ காகிதமே பெருவழக்காயிற்று. சென்னையில் போட்டோச் சங்கம் 1856-இல் ஏற்பட்டது. லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை முதலிய இடங்களை 1858-இல் படம் பிடித்ததும் காகிதத்தில்தான். 1894-இல் ரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சுக்கூடம் தெய்வங்களைக் காகிதத்தில் ஏற்றி வீடுதோறும் அனுப்பியது.

எனினும் உலோகம் முற்றும் நீங்கிவிடவில்லை. கண்ணுக்கு மறைந்து நின்றது. நம் முன்னோர் காலத்துச் சங்கப் பத்திரிகைகளில் வெளிவந்த கனவான்களின் படங்கள் அனைத்தும் துத்தநாகத் தகட்டிலோ செப்புத் தகட்டிலோ அமிலத்தால் அரித்தெடுத்த ‘பிளாக்’ கொண்டு அச்சிட்டவையே. முகத்தைச் சிறு சிறு புள்ளிகளாக்கி உலோகத்தில் இறக்கும் இத்தொழிலைக் கல்கத்தாவில் 1895-இல் நிறுவிய உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி, அதிற் செய்த திருத்தங்களால் இங்கிலாந்து அச்சுத்தொழில் ஆண்டுமலர்களிலும் எழுதிப் புகழ் பெற்றார். பழைய அச்சுக்கூடங்களில் அத்தகைய பிளாக்குகள் மரத்துண்டில் அறைந்தபடியே மூட்டையாகக் கிடந்து, பின்னர்ப் பழைய உலோகமாக எடைக்குப் போயின. உங்கள் ஊர் அச்சுக்கூடத்தார் எவரிடமேனும் ஒன்றிரண்டு எஞ்சியிருப்பின், இவ்வாறு போகவிடாமல் வாங்கி வைத்தல் தகும். அதைவிடச் சரியான ‘உலோக உருவப்படம்’ நம் இல்லத்துக்கு வேறொன்றில்லை என்பது என் எண்ணம்.

இனி நடுவட்டத்துக்குத் திரும்புவாம். இன்று வீட்டு அலங்காரமாகத் தகட்டில் ஏற்றப்படும் நீலகிரிப் பழம்படங்களுள் பெரும்பான்மை தோடர் முதலிய மலைமக்களின் உருவங்கள். இவை எவ்வாறு எடுக்கப்பட்டன? கல்கத்தாக் கம்பெனியாரான சாமுவேல் போர்ன் 1869-ஐ ஒட்டி இம்மலைக்கு வந்து படம் பிடித்தார். சென்னையில் தொழில் நடத்திய நிக்கலஸ் சகோதரரும், உதகையில் நெடுங்காலம் ஸ்டூடியோ வைத்திருந்த ஏ. டி. டபிள்யூ. பென் என்பாரும் இத்தகைய படங்களைத் துரைமார்க்கும் பிரயாணிகளுக்கும் விற்றனர். 1873-ஆம் ஆண்டு ஒன்றிலேயே இம்மலைமக்களைப் பற்றிப் படங்களோடு கூடிய இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று நீலகிரியின் முதல் கமிஷனராய் இருந்து முந்தின ஆண்டே மறைந்த பிரீக்ஸ் என்பாரது. மற்றொன்று மண்டையின் மேடுபள்ளங்களை அளந்து குணம் கூறலாம் என்று நம்பிய மார்ஷல் என்பாரது. மண்டையளவு நூலார் கொள்கை பிற்காலத்தில் பொய்யென்று கைவிடப்பட்டது. அவர் எடுப்பித்த படங்களோ நிலைத்துவிட்டன. ஒரு மனிதன் அவற்றில் ‘தோடர் ஆடவன்’ என்றும், ஒரு தாய் ‘தோடப் பெண்’ என்றும் நிற்கின்றனர். அவர்க்கும் பெயர் உண்டு, மந்து உண்டு, வம்சம் உண்டு. வாங்கி மாட்டுவோர் அதனைக் கேட்பதில்லை.

ரிவர்ஸ் என்னும் அறிஞர் 1906-இல் வெளியிட்ட தோடர் பற்றிய பெருநூல் இதற்கு மாறானது. அவர் ஒவ்வொரு குடும்பத்தின் வம்ச வழியையும் கேட்டுக் கேட்டு அட்டவணையாக எழுதினார். இன்னாரது மகன் இன்னார் என்று ஆட்களைப் பெயராலேயே குறித்தார். ஆகவே அந்நூலைக் கொண்டு தோடர் தம் முன்னோரைத் தேடிக் காணலாம். முற்கூறிய திருமலைச் செப்புருவங்களின் பெருமையும் இதுவேயன்றோ!

நடுவட்டத்துக்கே உரிய மற்றொரு கூட்டத்தார் சரித்திரமும் உண்டு. 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து கொணர்ந்த கொய்னா மரங்களை உதகைத் தோட்ட அதிகாரி மக்கைவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிராக்கினார். குளிர்காய்ச்சலுக்குக் கொய்னாவை விட்டால் வேறு மருந்தில்லாத காலம் அது. அத்தோட்டங்களில் காடு வெட்டவும் குழி தோண்டவும் சீனக் கைதிகளைக் கொணர்ந்து வைத்து வேலை வாங்கினர். அவர்களை அடைத்து வைத்த சிறைக்கட்டடம் நடுவட்டத்தில் நினைவுச்சின்னமாக நிற்கிறது. தண்டனை முடிந்தபின் அவருட் சிலர் இங்கேயே தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து, நடுவட்டத்துக்கும் கூடலூர்க்கும் இடையிலுள்ள சரிவில் காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்தனர். சென்னைப் பொருட்காட்சிசாலைத் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன் அவர்களைக் கண்டு, 1909-இல் வெளிவந்த தம் ஏழு தொகுதி நூலில் எழுதினார். கிறிஸ்து மதத்திற் சேர்ந்தபோது தம் நீண்ட குடுமியை வெட்டிக்கொள்ள நேர்ந்ததே அக்குடும்பத் தலைவர்க்கு இருந்த ஒரே குறை என்று அவர் சிறிது நகையாடிச் செல்கிறார். மூக்கின் அளவுகளை நுணுக்கமாகக் குறித்தவர், அம்மனிதர் பெயரைக் குறித்திலர். கடல் கடந்து விலங்கோடு வந்து, முன்பின் அறியாத மலையில் மனைவி மக்களோடு குடிநாட்டிய ஒருவர்க்குக் குடுமி போனது சிறு துயரமாகுமா என்பதை நேயர்களே எண்ணுக.

பிற்காலத்துச் செய்தி ஒன்றும் உண்டு. 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்த உடன்படிக்கையின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர் 5,25,000 பேர் இந்தியாவுக்குத் திரும்புவதென்று முடிவாயிற்று. அவருட் பலர்க்கு வேலை தரும் பொருட்டு 1968 முதல் நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள் ஏற்பட்டன. நடுவட்டத்திலும் அத்தோட்டம் உண்டு. நான்கைந்து தலைமுறை இலங்கையில் உழைத்துத் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி வந்த அக்குடும்பத்தார் கொணர்ந்த சாமான் சொற்பம். அவருட் பல குடும்பங்களில் தாத்தா, பாட்டிக்கு உள்ள ஒரே உருவம் பாஸ்போர்ட்டில் ஒட்டிய தபால்தலை அளவுப் படமே. அரசாங்க முத்திரையின் வளைவு ஒரு கன்னத்தின்மேல் விழுந்திருக்கும். அதனைப் பெரிதாக்கித் தகட்டில் ஏற்றித் தருகிறோம் என்னும் தொழிலாளர், முத்திரையை அழித்து, நரைத்த தலையைக் கறுப்பாக்கி, இல்லாத கோட்டை மாட்டி, பின்னால் ஓர் அரண்மனைத் திரையையும் வைத்துவிடுகின்றனர். என் மனம் இதற்கு ஒப்பவில்லை. அம்முத்திரையே அப்பாட்டியார் கடல் கடந்ததற்குச் சாட்சி; அதனோடுதான் அவர் முகம் சுவரில் இருத்தல் வேண்டும்.

அரசர், புலவர் படங்களைப் பற்றியும் ஒரு சொல். 1839-க்கு முன் வாழ்ந்த எவர்க்கும் போட்டோ கிடையாது. சங்ககாலத்தவர், சோழபாண்டியர், பாளையக்காரர் என்று எவரைச் சொல்லினும், போட்டோ போன்று தோன்றும் உருவம் ஓவியரது கற்பனையாதல் வேண்டும். இக்காலத்தில் கம்ப்யூட்டரே இயற்றியதாகவும் இருக்கலாம். திருவள்ளுவர் உருவம் ஓவியர் வேணுகோபால சர்மா நம் காலத்தில் வரைந்தது என்பதை யாவரும் ஒப்புகின்றனர். அதனால் அதன் மதிப்புக் குறையவில்லை. இராமலிங்க அடிகளைப் படம் பிடித்தபோது உடை மட்டுமே விழுந்தது, திருமேனி விழவில்லை என்று அவர் அன்பர்கள் கூறுவர். வீடுகளில் உள்ளது வரைந்த உருவமே. பாரதியார்க்கோ உண்மையான போட்டோக்கள் சில உண்டு. 1919-இல் காரைக்குடியில் எடுத்ததும் அவற்றுள் ஒன்று. ஆனால் பெரும்பாலார் இல்லத்திற் காண்பது ஓவியர் ஆர்யா வரைந்த தலைப்பாகை உருவத்தின் வழிவந்தவை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்க்குப் போட்டோவில் உள்ள மெலிந்த கன்னமும் களைப்பும் மறக்கமாட்டா. ஓவியத்தை ஓவியமென்றும் போட்டோவைப் போட்டோவென்றும் கீழே எழுதி மாட்டினால் இரண்டும் சிறக்கும்.

இனித் தகட்டு வேலையின் இயல்பைச் சுருக்கமாகக் கூறுவாம். இக்காலத்துத் தகட்டில் உருவம் உலோகத்தின்மீது நேரே இல்லை. அலுமினியத்தின்மேல் பூசிய பிசின்போன்ற ஒரு மேற்பூச்சுக்குள் இருக்கிறது. முதலில் ஒரு தாளில் அச்சிட்ட சாயத்தைத் தகட்டின்மேல் வைத்துச் சுமார் 200 டிகிரிச் சூட்டில் அழுத்த, சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள் புகுந்து நிலைக்கும். ஈரமும் பூச்சியும் இதனை எளிதில் அணுகா. நேர்வெயில் பட்டால் நாளடைவில் மங்கும். கண்ணாடி இன்மையால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நெற்றியில் சந்தனம் அப்பித் துடைத்துவந்தால் அவ்விடத்துப் பூச்சுத் தேயும். ஆகவே பூசைக்குரிய படமாயின் மேலே கண்ணாடி இடுவிப்பதோ, பொட்டைத் தகட்டுக்கு வெளியே சுவரில் இடுவதோ நல்லது. ஊதுவத்தியை ஒரு முழம் தள்ளி வைக்க. மலைநாட்டு வீடுகளில் சுவர் கசியுமாதலின் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே விரற்கடை இடம்விட்டு மாட்டுக.

எல்லாவற்றினும் முக்கியமானது மூலப்படம். தகடு வந்துவிட்டதென்று பழைய காகிதத்தை எறிந்துவிடலாகாது. கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிரிக்க முயலாமல், கண்ணாடியோடு வைத்தே பிரதி எடுக்கச் சொல்லுக. அதன் முதுகில் ஸ்டூடியோப் பெயரோ, பென்சில் எழுத்தோ இருந்தால் அதனையும் படம் பிடித்துக்கொள்க. பின்னர் தகட்டின் பின்புறத்தில், அழியாத மையால் அன்றி ஆணிகொண்டே கீறி, படத்திலுள்ளோர் பெயர், அவர்தம் தாய்தந்தையர் பெயர், ஊர், படம் எடுத்த ஆண்டு, அதனைச் சொன்னவர் யார் என்பவற்றை எழுதுக. பெண்மக்கள் பெயரை ‘இன்னார் மனைவி’ என்று விட்டுவிடாமல் அவர் சொந்தப் பெயரையே எழுதுக. கூட்டப் படமாயின் இடமிருந்து வலமாக ஒவ்வொருவரையும் குறித்து, பெயர் தெரியாதவர்க்கு இடம் விட்டு வைக்க. அடுத்த கல்யாணத்துக்கு வரும் எண்பது வயது அத்தை ஒருவர் அந்த இடத்தை நிரப்பக்கூடும்; கண்ணாடியை மறவாமல் எடுத்துவரும்படி அவருக்கு முன்னரே சொல்லியனுப்புக.